இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு அம்மா செல்போனில் எடுத்து வந்த வீடியோ அது. நாற்பது விநாடி இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள், இருபது வயசுப் பெண், திடீரென்று வெறிக்கிறாள். வாய் சப்புக்கொட்டுகிறது. வலது கை துப்பட்டா ஓரத்தைக் கசக்கிக்கொண்டே இருக்கிறது. இடது கை மட்டும் முறுக்கி விறைத்து நிற்கிறது. விழவில்லை, நுரை தள்ளவில்லை. அதனால் ரொம்ப நாள் வீட்டில் "பராக்குப் பார்க்கிறாள்" என்றே நினைத்தார்கள். வலிப்பு என்று தெரிந்த பிறகு ஆறு வருஷம் மாத்திரை. மூன்று வகை மாற்றியும் நிற்கவில்லை.

அந்த இடது கைதான் துப்பு. இடது கையை இயக்குவது வலது பக்க மூளை. கோளாறு அங்கே இருக்கலாம். பழைய சி.டி. ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளி, சுண்ணாம்பு படிந்த இடம். மூளையில் நாடாப்புழு தங்கி உண்டான புழுக்கட்டி என்று மருந்தும் கொடுத்திருந்தார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் வலிப்புக்கு நாடாப்புழு பெரிய காரணம். ஆனால் மெதுவாக வளரும் சில கட்டிகளிலும் சுண்ணாம்பு படியும். வலிப்புக்கென்றே மெல்லிய வெட்டுகளாக எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வலது பொட்டு மடலில், அதாவது காதை ஒட்டிய மூளைப் பகுதியில், சின்னக் கட்டி. கேங்லியோகிளியோமா என்று பெயர்.

"கட்டி" என்றதும் அந்த அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூளைக் கட்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 தான் சாதுவானது. இது பெரும்பாலும் 1. பல வருஷம் வளராமலே கிடக்கும். ஆனால் பக்கத்து நரம்புகளைச் சீண்டிக்கொண்டே இருக்கும். மருந்து கேட்காததும் அதனால்தான்.

சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்து, போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. உலக வலிப்பு நோய்க் கழகம் 2010-இல் சொன்ன வரையறை இது. மூன்றாவது மருந்து கைகொடுக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. இந்த மாதிரிக் கட்டியை முழுசாக எடுத்தாலோ, பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. தள்ளிப்போட்டால் அந்தக் கணக்கு குறையும்.

இது புதுசு இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வலிப்புக்கு மூளை அறுவை செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் நடக்கிறது. அறுவைக்கு முன்னால் வீடியோ இ.இ.ஜி.யும் (வலிப்பைப் படம் பிடித்துக்கொண்டே மூளையின் மின் அலையைப் பதிவது) ஞாபகசக்திச் சோதனையும் உண்டு. பெரும்பாலோருக்குப் பேச்சு இடது மூளையில்தான்; அதனால் கட்டி இடது பக்கம் என்றால் பேச்சையும் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் கத்தி கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு அறுவை முடிந்து இரண்டு வருஷம். மாத்திரை இப்போது ஒன்றுதான், நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மா இன்னும் போனைக் கையிலேயே வைத்திருக்கிறாராம்.