பலாலி: ஓடுபாதையும் அதை ஒட்டிய காணிகளும்

சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, மாலைப் பூசைக்கு நேரமாகியும் எமக்காக அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கடைசி வரிசையில் இருந்தவரை நாம் வற்புறுத்தி மேடைக்கு அழைத்து வந்த பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் வரலாறு, ஓடுபாதையின் நீளம், சுற்றியுள்ள காணிகள் ஆகிய மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படை பலாலியில் விமானத்தளம் அமைத்தபோது எம்மவர் கேட்டதும் முதலில் ஓசையைத்தான். போர் முடிந்த பின், 1947 டிசம்பர் 10 ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனம் தன் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அதாவது எமது பலாலி, வழியாகச் சென்னைக்கு நடத்தியது. சுதந்திரத்துக்கு முன்பே எமது செம்மண் வானத்தோடு உறவு கொண்டாடிவிட்டது.

என் அம்மம்மா சென்னைக்குப் போன கதையைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. மகளுக்கென்று கட்டிய பனங்கட்டிக் குட்டான்களை அவர் பயணப் பெட்டியில் வைக்கச் சம்மதிக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். விமானம் மேலெழுந்ததும் ஓலை இடுக்கிலிருந்து எறும்புகள் வரிசையாகப் புறப்பட்டு, பக்கத்து இருக்கைக் கனவானின் வெள்ளை வேட்டியில் ஏறத் தொடங்கின. அவர் துள்ளி எழும்ப, பணிப்பெண் ஓடிவர, அம்மம்மா அசையாமல், “தம்பி, கொஞ்சம் யன்னலைத் திறந்துவிடும், அதுகள் போயிடும்” என்றாராம். இறங்கும்போது அந்தக் கனவானுக்கும் ஒரு குட்டான் கிடைத்தது.

அதே விமான ஓசை பிற்காலத்தில் எம்மைப் பதுங்குகுழிக்கு ஓட வைத்தது. 1990 ஜூனில், பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தார்கள். அவர்களது கிணறுகளும் வெங்காயத் தோட்டங்களும் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின.

2019 அக்டோபர் 17 ஆம் திகதி இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து முதல் விமானம் வந்து இறங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. நான் மகிழ்கிறேன். ஆனால் விரிவாக்கம் என்ற மணியோசை கேட்கும்போதெல்லாம், பின்னே வருவது யாருடைய காணியை மிதிக்கும் என்ற கேள்வி எழுகிறது. காணி உறுதிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்று தன் பலாமரத்தை விரலால் சுட்டிக்காட்டும் முதியவரை நான் கண்டிருக்கிறேன். ஓடுபாதைக்கு உண்மையாக வேண்டிய நிலம் எவ்வளவு என்பதை அளந்து வரைபடமாக வெளியிடுங்கள். அதற்குரிய இழப்பீட்டைக் கொடுங்கள். எஞ்சியதை உரியவரிடம் விடுங்கள். பிரதேச செயலாளர் அம்மா அவர்கள் இதை மேலிடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஓடுபாதையின் நீளத்தைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் சைகை காட்டுகிறார். இந்தக் கோரிக்கைகளுக்கான மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. காணி உள்ளவர்கள் உறுதி இலக்கத்தையும் எழுதிக் கையொப்பம் இடுங்கள்.