பிள்ளையிடம் வாடகை கேட்கலாமா?

வணக்கம் நேயர்களே. போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "மகனுக்கு இருபத்தெட்டு வயது, நல்ல சம்பளம், எங்களோடைதான் இருக்கிறான். மாதம் ஒரு தொகை வாடகையாய்த் தா எண்டு கேட்டால் பிழையோ?" எதிரே இருந்த மாமி கையிலிருந்த வடையை இலையில் வைத்துவிட்டார். "பெத்த பிள்ளையிட்டை வாடகையோ!"

காசு கேட்கலாம் என்றுதான் நான் சொன்னேன். ஆனால் வாடகை என்ற பெயரில் வேண்டாம். இங்கே அனெக்ஸ், அதாவது வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியை வாடகைக்கு எடுக்கிறவன் ஆறு மாதமோ ஒரு வருடமோ அட்வான்ஸ் கட்டுகிறான். அவன் இரவு பதினொரு மணிக்கு வந்தால் யாரும் கேற்றடியில் நிற்பதில்லை. யாரோடு கதைத்தாய் என்று கேட்பதுமில்லை. வாடகையும் வாங்கி விசாரணையும் வைப்பது சரிவராது.

கூரைக்குக் காசு வேண்டாம், ஓடுகிற செலவுக்குக் கேளுங்கள். லைட் பில்லையே எடுப்போம். நமது மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. அலகு கூடக்கூட, அடுத்த அடுக்கில் ஒவ்வொரு அலகின் விலையும் கூடும். மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். 90 அலகுக்குள் நின்ற வீட்டில் மகன் இரவிரவாக ஏசி போட்டால் 180ஐத் தாண்டிவிடலாம். அதற்கு மேல்தான் உச்ச விலை. வீட்டில் நாலு பேர் என்பதற்காக அவனுடைய பங்கு காற்பங்கு ஆகிவிடாது. 2022இலும் 2023 தொடக்கத்திலும் கட்டணம் ஏறியபோது பில்லைக் கையில் வாங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது நம்முடைய வருமானம். அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரும். என்னைப்போலத் தனியார் கம்பனியில் இருந்தவருக்கு ஊழியர் சேமலாப நிதிதான். சம்பளத்தில் நாம் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும். என்னுடையது மேல்மாடி சிலாப்போடும் மூத்தவளின் கல்யாணத்தோடும் முடிந்தது. உழைக்கிற பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா? கௌரவத்துக்காக மறைத்துவிட்டு, பிறகு மருந்துக் கடை வாசலில் முகம் சுளிப்போம்.

சிலர் காசை வாங்கி இரகசியமாக வங்கியில் போட்டு, கல்யாணத்தன்று திருப்பிக் கொடுக்கிறார்கள். நல்ல மனம்தான், ஆனால் எனக்கு அது நாடகம் மாதிரி இருக்கிறது. தேவையென்றால் தேவை என்று சொல்லுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மகள்மாரிடம் மட்டும் நாம் கேட்பதில்லை, அவளின் சம்பளம் நகைக்கு என்று ஒதுக்கிவிடுவோம். வேலைவிட்டு வந்து அவள் சமைக்கிறாளே, அதை எந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறோம்?

என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பில்களை எல்லாம் மேசையில் பரப்பினேன். சின்னவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லைட்டும் காஸும் என்ரை பொறுப்பு, அப்பா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. இப்போது இரவில் படுக்கப் போனால் மேல்மாடியிலிருந்து குரல் வருகிறது: "அப்பா, பாத்ரூம் லைட்டை நிப்பாட்டினீங்களோ?" இந்தக் கிழமை இரண்டு தடவை எழும்பிப் போய் நிப்பாட்டிவிட்டு வந்தேன்.