வைப்பருக்கு அடியில் ஓர் உறை

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் பல்கலைக்கழக வளாகத்தில் காரை நிறுத்திவிட்டுப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். கால் மணி நேர வேலை, ஒரு மணி நேரமாக இழுத்துவிட்டது. திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் ஓர் உறை. தூறலில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தெடுக்கும்போது ஓரம் கிழிந்து, அபராதத் தொகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தப்பு என்னுடையது, கட்டிவிட்டேன். அந்தப் பணம் எங்கே போகும் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் அந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தைப் படித்தேன். அதன் ஒன்பதாம் அத்தியாயம், ஏழாம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. மாநிலத்தின் தண்டனைச் சட்டங்களை மீறுவோரிடம் வசூலாகும் அபராதம், வசூல் செலவு போக, இலவசப் பொதுப் பள்ளிகளுக்கு மட்டுமே சேர வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து, ஆண்டுக்கு நான்கு மாதமாவது பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1868-இல் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த மாநிலம் அது. அபராதக் காசைப் பள்ளிக்கென்று ஒதுக்கும் வழக்கமும் அந்தக் காலத்திலேயே வேர்விட்டதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தண்டிப்பவர் வேறு, தண்டனைப் பணத்தை வாங்குபவர் வேறு. அபராதச் சீட்டு எழுதுகிறவரின் பைக்கே பணம் போனால், சீட்டு எழுதும் கை எப்போது நிற்கும்?

ஆனால் சட்டமன்றம் இயற்றிய சட்டமோ, வளாக பார்க்கிங் அபராதத்தைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தது. பள்ளிகளை நடத்தும் உள்ளூர் வாரியங்களின் சங்கம் 1998-இல் வழக்குப் போட்டது. இது தண்டனையே இல்லை, நிர்வாகச் செலவை ஈடுகட்டும் தொகைதான் என்றது அரசுத் தரப்பு. 2005 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெர்மிட்டுக்குக் கட்டும் பணம் வேறு, அது இடத்துக்கான வாடகை மாதிரி. விதியை மீறியதற்குக் கட்டும் பணம் தண்டனை. தண்டனை என்றால் அது பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். 1985-லேயே ஆஷ்வில் நகரின் பார்க்கிங் அபராதம் பற்றி இதே நீதிமன்றம் பள்ளிகள் பக்கம்தான் நின்றிருந்தது. தெருவுக்கு ஒரு நியாயம், வளாகத்துக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியுமா?

தீர்ப்பு வந்துவிட்டது, சரி. ஒரு சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால், சட்டப் புத்தகத்தில் இருக்கும் வரி தானாக அழிந்துவிடாது. அதை நீக்கவோ திருத்தவோ சட்டமன்றம்தான் கை வைக்க வேண்டும். அலுவலகத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா தீர்ப்பைத் தேடிப் படிப்பதில்லை. மேஜைமேல் இருக்கும் சட்டப் பிரிவைத்தான் புரட்டுகிறார். வளாக பார்க்கிங் விஷயத்தில் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். வசூல் செலவு போக மீதி பள்ளிகளுக்கான மாநில நிதிக்குப் போக வேண்டும் என்று இப்போது அதிலேயே எழுதியிருக்கிறது. வசூல் செலவென்று 20 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. இதை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அதே மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் இன்னும் நீக்காத வேறொரு வரியும் இருக்கிறது. வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவையும் ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டுமாம். கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்த வைத்த வரி. மத்தியச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியும், 1970-இல் அதை நீக்குவதற்கு மக்களிடையே நடந்த வாக்கெடுப்பு தோற்றது. தன் தாத்தாவை எதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்களோ, அதே வாசகத்தை ஒரு பேத்தி அச்சில் படிக்க வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். செத்த சட்டம்தானே, கிடக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு வருத்தம். பார்க்கிங் தீர்ப்பு வந்து ஆறே வருடத்தில், 2011-இல், சட்டமன்றம் அதே தவறைத் திரும்பச் செய்தது. வேகமாக ஓட்டிப் பிடிபட்டவர்கள் ‘வண்டியின் கருவியில் பழுது’ என்ற சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தப்பிப்பது அங்கே சாதாரணம். அந்தக் குற்றத்துக்குக் கூடுதலாக 50 டாலர் வசூலித்துச் சிறைச் செலவுக்குத் திருப்பினார்கள். அந்த மாநிலத்தின் ரிச்மண்ட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கல்வி வாரியம் வழக்காடி ஜெயித்தது. ஆனால் ஏற்கெனவே செலவாகிவிட்ட சுமார் 2 லட்சத்து 72 ஆயிரம் டாலரைக் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடு என்று உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணப்பெட்டிச் சாவி சட்டமன்றத்திடம். இதனால்தான் சொல்கிறேன்: அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டத்தைப் பணம் வசூலாகும் முன்பே நீக்கியாக வேண்டும். வசூலாகிச் செலவான பின் நியாயம் கிடைத்தாலும் காசு கிடைக்காது.

பழைய பார்க்கிங் வழக்குக்கும் அதே கதிதான். பல துறைகள் பிடித்துவைத்த அபராதங்களையும் சேர்த்து, பள்ளிகளுக்கு ஏறக்குறைய 75 கோடி டாலர் பாக்கி என்று 2008-இல் நீதிமன்றம் கணக்குச் சொன்னது. வந்தது அதில் ஒரு துளி. அங்கே ஒரு தீர்ப்புக்கு ஆயுள் 10 ஆண்டு. அது காலாவதியாகிவிடக் கூடாதென்று 2018-இல் பள்ளி வாரியங்கள் மறுபடியும் நீதிமன்றப் படியேறின. வழக்குப் போட்ட வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது வயது 26.

நன்றி. வணக்கம்.