சாதாரண வீடு, கோணலா ஒரு வரி

வணக்கம் மக்களே, இன்னிக்கு குறுங்கதை பத்திப் பேசலாம், அதுலயும் பேய், கொலை, வேற்றுகிரகம்னு எதுவும் இல்லாம சும்மா வீட்டுல நடக்கிற விஷயமே லேசா கோணிக்கிற கதைங்க இருக்குல்ல, அது. மொதல்ல ஒண்ணு வாசிக்கிறேன், நான் எழுதினதுதான், பயப்படாதீங்க, சின்னது.

"என் சாவிக்கொத்துல எதுக்குன்னே தெரியாத ஒரு சாவி ரொம்ப நாளா கெடக்கு. நேத்து ஆபீஸ் முடிச்சு வந்து கதவைத் திறக்கப் பார்த்தா எந்தச் சாவியும் சேரலை, அது மட்டும் சேர்ந்துச்சு. உள்ள இருந்த அம்மா, 'ஏன்டா இவ்ளோ லேட்டு, போய் கைகால் கழுவிட்டு வா'ன்னாங்க. அவங்களை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. போய் கழுவிட்டு வந்தேன்."

அவ்ளோதான் கதை. கடைசி வரியைப் பாருங்க. அங்க அவன் அலறினான்னு போட்டா அது பேய்க்கதை, திடுக்குனு முழிச்சான், எல்லாம் கனவுன்னு போட்டா அடிக்க வருவீங்க. ஒரு பக்கக் கதைங்க பெரும்பாலும் கடைசில ஒரு ட்விஸ்ட் வெச்சு மூடிடும், ரெண்டாவது தடவை படிச்சா அதுல ஒண்ணும் மிஞ்சாது. இங்க மூடுறதே இல்லை, வினோதம் நடுவுலயே வந்துடுது, ஆளு பாட்டுக்கு சொன்னதைக் கேட்டுப் போயிடுறான், படிக்கிற நமக்குத்தான் அடிவயித்துல என்னமோ பண்ணும், ஏன்னா நாமளும் தினம் யாரோ சொன்னாங்கன்னு எங்கயோ போய் உட்கார்ந்துட்டுதானே இருக்கோம்.

விக்டர் ஷ்க்லோவ்ஸ்கின்னு ஒரு ரஷ்ய விமர்சகர், 1917ல ஒரு கட்டுரை எழுதினாரு. பழக்கம் எல்லாத்தையும் தின்னுடுதுங்கறாரு, துணிமணி, மேசை நாற்காலி, பொண்டாட்டி, போர் பயம் வரைக்கும். முதல் உலகப்போர் நடந்துட்டு இருக்கிற நேரத்துல இதைச் சொல்றாரு பாருங்க! பழகின பொருளை மறுபடி பழகாததா காட்டுறதுதான் கலையோட வேலைன்னு அவர் கட்சி.

இத்துனூண்டு கதையெல்லாம் இலக்கியமான்னு கேக்கிறவங்களுக்கு, லிடியா டேவிஸ் இருக்காங்க, அமெரிக்க எழுத்தாளர், ஒரே வாக்கியத்துல முடியிற கதை கூட எழுதியிருக்காங்க, 2013ல மேன் புக்கர் சர்வதேசப் பரிசு வாங்கினாங்க. அப்புறம் பேசுங்க.

சரி, எழுதிப் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு. 'மர்மமான', 'விசித்திரமான', 'ஏனோ' இதெல்லாம் கண்ணுல பட்டா அடிச்சுடுங்க, விசித்திரம்னு நீங்களே சொல்லிட்டா படிக்கிறவங்களுக்கு என்ன வேலை? ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க, மத்ததெல்லாம் ஆபீஸ், லேட்டு, கைகால் கழுவுறதுன்னு அப்படியே இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு மூணு கண்ணுன்னு நான் சேர்த்திருந்தா சாவியை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டீங்க. தலைப்பு விஷயத்துல மட்டும் எனக்கே இன்னும் தெளிவில்லை, 'சாவி'ன்னு வெச்சா மொதல்லயே கையில குடுத்த மாதிரி ஆகுது, 'லேட்டு'ன்னு வைக்கலாம்னு பார்க்கிறேன்.