எந்த மாட்டுக்கு எந்தப் பாட்டு

(கிளிநொச்சியில் குறும்படம் எடுக்கும் இளைஞருக்கு ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய ஓய்வுநிலை அதிபர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, வேலையை விட்டு வந்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர்களே, மண்டபத்தை இலவசமாகத் தந்த சனசமூக நிலையத்தாரே, மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான் என்று பஸ் பிடித்து வந்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மூத்த பொலிஸ்காரரும் புதுப் பொலிஸ்காரரும் சோடி சேரும் சண்டைப்படம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்கிறேன்: சோடி அமைப்பது, துரத்தல் எடுப்பது, முறைப்பாட்டுக் காட்சி எழுதுவது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேணும். பட்டி மாடு வளர்க்கிற வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதியவனுக்குச் சட்டமும் கால் வேகமும் இருக்கும். மூத்தவருக்கு எந்த மாட்டுக்கு எந்தப் பாட்டு என்று தெரியும். இருவரையும் ஒரே மாதிரிக் கெட்டிக்காரராக எழுதினால் படம் இருபதாவது நிமிடத்தில் படுத்துவிடும்.

1949இல் அகிரா குரோசாவா எடுத்த ‘தெருநாய்’ என்ற ஜப்பானியப் படத்தைக் கேளுங்கள். நெருப்பு வெயில். சனம் நெரியும் பஸ்ஸில் புதுத் துப்பறிவாளனின் கைத்துப்பாக்கி களவு போகிறது. உள்ளே ஏழு குண்டு. பிக்பொக்கெட் அடிக்கிற பெண்ணொருத்தியின் பின்னால் ஊரெல்லாம் அலைகிறான். பழைய இராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு, பஞ்சைப் பராரியாகக் கள்ளச்சந்தையில் நாட்கணக்காக நடக்கிறான். துப்பாக்கி வாடகைக்கு விடும் பெண் ஒருத்தி அகப்படுகிறாள். வாய் திறந்தாளா? இல்லை. அங்கேதான் மூத்தவர் வருகிறார். அதட்டவில்லை. ஐஸ்பழம் ஒன்றைக் கொடுக்கிறார், தானும் ஒன்றைச் சூப்புகிறார், சிகரெட் நீட்டுகிறார், கதை கொடுக்கிறார். அவள் கக்கிவிடுகிறாள்! பாடிக் கறந்த மாடு. பிறகு அந்த மூத்தவரே சுடப்பட்டு விழ, புதியவன் ரயில் நிலையத்தில் தனியே நிற்கிறான். கூட்டத்தில் ஒருவனின் காற்சட்டையில் சேறு. அவன் இடக்கையால் தீக்குச்சி உரசுகிறான். அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கும் ஆள் அவன்தான். பார்ப்பது எப்படி என்று மூத்தவரிடம் படித்த பாடம் அது.

துரத்தலுக்கு வருவோம். நம் கிரவல் வீதியில் முன்வண்டி கிளப்பும் புழுதி பின்வண்டியை விழுங்கிவிடும். முதலில் தண்ணீர் தெளியுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டவேண்டாம். கமராவைச் சில்லு மட்டத்துக்கு இறக்கி, விநாடிக்கு 22 பிரேமில் (படச்சட்டத்தில்) எடுத்து 24இல் ஓடவிட்டால் வேகம் தானாக வரும். 18க்கு இறக்கினால் ஆட்கள் பொம்மைபோலத் துள்ளுவார்கள். ஹெல்மெட் கட்டாயம். விளையாட்டுத் துப்பாக்கியானாலும் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் முன்பே சொல்லுங்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கிற காணிக்குள் எந்தக் காட்சிக்காகவும் கால் வைக்காதீர்கள்.

ஆனால் பிள்ளைகளே, பொலிஸ் படம் பெரும்பாலும் ஒரு முறைப்பாட்டில்தான் தொடங்கும். அந்தக் காட்சியை நம்மூரில் வைத்துப் பாருங்கள். மாடு களவு போன கிழவி வருகிறாள். அவள் சொல்வது தமிழ், புத்தகத்தில் ஏறுவது சிங்களம், கையெழுத்து வைக்கச் சொல்லி நீட்டுகிறார்கள். பாட்டே விளங்காத இடத்தில் எந்த மூத்தவர் எப்படிப் பாடிக் கறப்பார்? 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கியது. தமிழில் எழுதக் கேட்பது சலுகை கேட்பதல்ல, உரிமை கேட்பது.

எனவே காட்சியை இப்படி எழுதுங்கள். கிழவி, “தமிழில எழுதுங்கோ தம்பி” என்கிறாள். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்கிறாள். மாட்டின் நிறமும் குறியும் சரியா என்று கேட்டபிறகுதான் கையெழுத்து வைக்கிறாள். திகதியையும் பதிவு இலக்கத்தையும் துண்டுக் கடதாசியில் வாங்கி முந்தானையில் முடிகிறாள். புதுப் பொலிஸ்காரன் தமிழ் எழுதத் தெரிந்தவனாக இருக்கட்டும். மூத்தவர் அவனிடம் எழுத்துப் படிக்கட்டும்.

இரவுக் கடமையிலும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இருக்கவேண்டும் என்ற மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகுமுன் ஒப்பமிட்டுவிட்டுப் போங்கள்.