முறுக்கு அவிழ்ந்தால்தான் மரபணு பேசும்

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் தசைகளுக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணு ஏறக்குறைய 22 லட்சம் எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகைத்தான் எழுத்து என்கிறேன்) நீளம். அதை ஒரே ஒரு முறை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கவே செல்லுக்குச் சுமார் 16 மணி நேரம் பிடிக்கிறது. டி.என்.ஏ. பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று முறுக்கிக்கொண்டிருக்கும் இரட்டை இழை, ஆகவே கணக்குப் போட்டால் இந்த ஒரு மரபணுவைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் பிரித்தாக வேண்டும். அந்த முறுக்கெல்லாம் எங்கே போகும்?

இரட்டைப் புரிக் கயிறு ஒன்றின் இரண்டு முனைகளையும் இறுகக் கட்டிவிட்டு, நடுவில் விரலை நுழைத்துப் புரிகளைப் பிரித்தபடியே தள்ளிப் பாருங்கள். விரலுக்கு முன்னால் முறுக்கு ஏறி ஏறி, கயிறு தன்மேலேயே சுருண்டுகொள்ளும், அதற்குமேல் விரல் நகராது. படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்கும் இதே கதிதான்: முன்னால் முறுக்கு ஏறுகிறது, பின்னால் தளர்கிறது. 1987இல் லெராய் லியுவும் ஜேம்ஸ் வாங்கும் இதைத் தெளிவாக எழுதினார்கள். முறுக்கை அவிழ்க்கும் முதல் நொதியை 1971இல் இ.கோலை பாக்டீரியாவில் கண்டுபிடித்ததும் இதே வாங்தான். டோபோஐசோமரேஸ் என்று பெயர்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் வெட்டி, வெட்டிய முனையைத் தன்னிடமுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்றோடு பிணைத்துப் பிடித்துக்கொண்டு, இழை சுழன்று தளர்ந்ததும் மறுபடி ஒட்டிவிடுகிறது. இரண்டாம் வகை இரண்டு இழைகளையுமே வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு டி.என்.ஏ. துண்டைக் கடத்திவிட்டு மூடுகிறது. இந்த இரண்டாம் வகை இல்லாவிட்டால், செல் பிரியும்போது பின்னிக்கிடக்கும் குரோமோசோம்களைப் பிரிக்கவே முடியாது.

சரி, குரோமாட்டினுக்கு, அதாவது டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த கட்டமைப்புக்கு, வருவோம். டி.என்.ஏ. நம் செல்லில் வெறும் நூலாகக் கிடப்பதில்லை. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒரு திரளைச் சுற்றி, சுமார் 147 எழுத்து நீளத்துக்கு, இடப்பக்கமாக இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கிறது, இதுதான் நியூக்ளியோசோம். இந்தச் சுற்றுக்குத் தளர்ந்த முறுக்கு ஒத்துப்போகும், ஏறிய முறுக்கு ஒத்துவராது. அதனால் பாலிமரேஸுக்கு முன்னால் நியூக்ளியோசோம் இளகுகிறது, பின்னால் மறுபடி கூடுகிறது. முறுக்கை எங்கே அவிழ்ப்பது, எங்கே கொஞ்சம் விட்டுவைப்பது என்பதைப் பொறுத்தே அந்த இடத்தில் குரோமாட்டின் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதும் மாறும். இந்த நொதியை வெறும் துப்புரவுத் தொழிலாளியாகப் பாடப்புத்தகங்கள் காட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மூளைக்கு வாருங்கள், இன்னும் அழுத்தமாகப் புரியும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஏஞ்சல்மன் என்ற அரிய மரபணு நோய்க்குறியுள்ள குழந்தைகளுக்கு, தாயிடமிருந்து வந்த யு.பி.இ.3ஏ மரபணு வேலை செய்வதில்லை. தந்தையிடமிருந்து வந்த பிரதி நல்லபடியாகவே இருக்கிறது, ஆனால் நரம்புச் செல்களில் அது மௌனம். காரணம், எதிர்த்திசையில் படியெடுக்கப்படும் மிக மிக நீளமான ஓர் ஆர்.என்.ஏ. அதன் மேலாக ஓடி அதை அடக்கிவைக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதல் வகை நொதியைத் தடுக்கும் டோபோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அந்தத் தந்தைவழிப் பிரதி விழித்துக்கொண்டது. 2012இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இது. முறுக்கு அவிழாததால் அந்த நீண்ட ஆர்.என்.ஏ. பாதியிலேயே நின்றுபோனதுதான் விஷயம்.

இந்த மருந்தின் மூலப்பொருளான கேம்ப்டோதெசினை 1966இல் சீன மரம் ஒன்றிலிருந்து பிரித்தவர்கள் மன்றோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றிலும் அது இருப்பதை 1972இல் காட்டியவர்கள் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். இந்த டி.ஆர்.கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.

அப்புறம் என்ன, மருந்து கிடைத்துவிட்டதே என்று தோன்றும். 2013இல் அதே வட கரோலினா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு கையைக் கட்டிப்போட்டது. டோபோடெக்கான் அந்த ஒரு ஆர்.என்.ஏ.வை மட்டும் நிறுத்தவில்லை, நரம்புச் செல்களின் நீளமான மரபணுக்கள் பலவற்றையும் சேர்த்தே அடக்கியது, அவற்றில் பல ஆட்டிசத்தோடு தொடர்புள்ளவை. ஆகவே இப்போது முயற்சி வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நொதியைத் தொடாமல், அடக்கிவைக்கும் அந்த நீண்ட ஆர்.என்.ஏ.வை மட்டும் குறிவைத்து அழிக்கும் சிறு நியூக்ளிக் அமிலத் துண்டுகளைத் தயாரித்து, ஏஞ்சல்மன் குழந்தைகளிடம் மருத்துவச் சோதனை நடத்திவருகிறார்கள்.