ஒரு மூச்சு அளவு செபம்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

"இடைவிடாது இறைவனிடம் வேண்டுங்கள்" என்று தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதினார். கேட்டதும் மலைப்பாக இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய், இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் இதற்கெல்லாம் நேரம் எங்கே? ஆனால் அதே திருமுகத்தில், இரவும் பகலும் கைவேலை செய்து பிழைத்ததாகவும் அவரே சொல்கிறார். அவர் கூடாரம் செய்கிற தொழிலாளி. வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னவர் அல்ல.

எகிப்துப் பாலைவனத் துறவிகளும் வேலை செய்துகொண்டே செபித்தவர்கள்தான். கையில் ஓலை முடைவார்கள், வாயில் சிறு செபம் ஓடும். அது எய்த அம்புபோல் சட்டென்று போய்விடும் என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில் எழுதினார். செபம் நீண்டால் கவனம் மழுங்கும், குறுகினால் கூராக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். யோவான் கசியான் என்ற துறவி எல்லா நேரத்துக்கும் 70-ஆம் திருப்பாடலின் முதல் வசனம் ஒன்றே போதும் என்றார்: "கடவுளே, என்னை விடுவித்தருளும், ஆண்டவரே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்." இப்படிப்பட்ட சிறு செபங்களைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் மனவல்லய செபம் என்றார்கள்.

இனி, இதை எப்படிப் பழகுவது என்று பார்ப்போம்.

முதலில் ஒரே ஒரு செபத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும். "இயேசுவே, தாவீதின் மகனே" என்று மூச்சை இழுக்கும்போது, "எனக்கு இரங்கும்" என்று விடும்போது. உதடு அசைய வேண்டியதில்லை. ஒரு மாதமாவது அதை மாற்றாதீர்கள். தினம் ஒன்றாக மாற்றினால் எதைச் சொல்வது என்று யோசிப்பதிலேயே அந்த நொடி போய்விடும்.

அடுத்து, அதை ஏற்கெனவே நீங்கள் செய்கிற ஒரு காரியத்தோடு முடிந்து வையுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். "நாள் முழுக்க நினைப்பேன்" என்று காலையில் உறுதி எடுத்தால், பத்து மணிக்கே மறந்துபோகும். அன்பு குறைவு என்பதால் அல்ல, நினைவூட்ட ஒன்றும் இல்லாததால். குக்கரின் முதல் விசில், வாசல் கதவின் தாழ்ப்பாள், வண்டிச் சாவியைத் திருகும் நொடி: இந்த மாதிரி மூன்று போதும். ஆர்வத்தில் பதினைந்து வைத்துக்கொண்டால் ஒரே வாரத்தில் பதினைந்தும் போய்விடும். செல்போனில் மணிக்கு நாற்பது முறை வருகிற "டிங்" ஓசையைத் தேர்ந்துகொள்ளாதீர்கள். காது பழகி, வெறும் சத்தமாகிவிடும். சுவரில் ஒட்டுகிற வசனத் தாளும் அப்படித்தான், சில நாளில் கண்ணுக்கே படாது. இடம் மாற்றி ஒட்டிக்கொண்டே இருங்கள்.

கணக்குப் பார்க்கும்போதும், நெரிசலில் வண்டி ஓட்டும்போதும் செபத்தை உள்ளே திணிக்க வேண்டாம். முழு மனமும் கேட்கிற வேலை அது. தொடங்கும்முன் அதைக் கடவுளிடம் ஒப்புக்கொடுங்கள், முடிந்ததும் திரும்பி வாருங்கள். இடையில் வேலையை ஒழுங்காகச் செய்வதே அவருக்குரிய மரியாதை.

கோபம் வருகிற இடத்துக்குப் பழைய ஏற்பாட்டில் வரும் நெகேமியாவைப் பாருங்கள். பாரசீக மன்னர், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். நெகேமியா விண்ணகக் கடவுளை வேண்டிக்கொண்டு பதில் சொல்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? மேலதிகாரி அதட்டும்போதும், பிள்ளை எதிர்த்துப் பேசும்போதும் அந்த அளவு இடைவெளி நமக்கும் இருக்கிறது. ஒரு மூச்சு.

மறந்துவிட்டால்? மறக்கத்தான் செய்வோம். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கார்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸுக்கு அந்த வேலை இயல்பிலேயே பிடிக்காது. பதினைந்து வருடம் செய்தார். முதல் பத்து வருடம் உள்ளுக்குள் மிகவும் தவித்ததாக அவரே எழுதியிருக்கிறார். கடவுளை நினைக்க மறந்துபோனால் மன்னிப்புக் கேட்பார், விட்ட இடத்தில் தொடங்குவார். அதைப் பற்றி மறுகிக்கொண்டிருக்க மாட்டார். "காலையிலிருந்து ஒருதடவைகூட நினைக்கவில்லையே" என்று அரை மணி நேரம் நொந்துகொண்டால், அந்த அரை மணியும் நம்மைப் பற்றிய நினைப்பாகவே போகிறது. எத்தனை தடவை என்று எண்ணவும் வேண்டாம். எண்ணிக்கை கூடினால் பெருமை, குறைந்தால் சோர்வு.

படுக்கும்முன் பத்து நிமிடம் ஆன்ம சோதனைக்கு வையுங்கள். பாவங்களைப் பட்டியல் போடும் முன்னால் அன்றைக்குப் போன இடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: அடுப்படி, பஸ், அலுவலகம், கடை. ஒவ்வோர் இடத்திலும் நன்றி சொல்ல ஏதாவது கிடைக்கும். புனித இஞ்ஞாசியாரும் நன்றியில்தான் தொடங்கச் சொன்னார்.

படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்குத் தாழ்ப்பாளும் இல்லை, குக்கர் விசிலும் இல்லை. மாத்திரை விழுங்கும் நேரம், யாராவது திருப்பிப் படுக்க வைக்கும் நேரம், இரவு மூன்று மணிக்குத் தூக்கம் கலைகிற நேரம், அவர்களுக்கு இவைதான். முழு வசனமும் சொல்ல முடியாத நாளில், மூச்சு விடும்போது "இயேசுவே" என்ற ஒரு சொல் மட்டும். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய மூச்சின் வேகத்துக்கே அதை மெல்லச் சொல்லிக் கொடுக்கலாம்.